எத்திக்ஸ் கமிட்டியில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன். மறு வருஷமே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளை முன்கூட்டியே படித்துப் பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினராம். பதவியின் பெயர் ‘பாமரர்’. இருபடிச் சமன்பாடு நடத்தியவளைப் பாமரர் என்கிறார்களே என்று வீட்டில் ஒரே சிரிப்பு. முதல் கூட்டத்தில் நானூறு பக்க ஆங்கிலக் கட்டைக் கையில் கொடுத்தார்கள். பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வருஷம் அங்கே உட்கார்ந்து பார்த்ததில், வந்த கோளாறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் முளைத்தவை என்று தோன்றுகிறது. கமிட்டி தாளைப் படிக்கிறது. அந்தத் தாளை ஒருவரிடம் நீட்டும் இடத்துக்குப் போவதே இல்லை. ஓ.பி. வரிசை, குப்பத்துத் திண்ணை, குழாயடி, கம்பெனி கேட் என்று எல்லாமே நமக்கு ‘ஆய்வுக் களம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. நான் வடசென்னைக்காரி. எங்கள் கமிட்டிக்கு வரும் ஆய்வுகளில் நிறைய என் தெருவைச் சுற்றித்தான் நடக்கின்றன. அதனால் சில விஷயங்கள் என் கண்ணில் சீக்கிரம் பட்டன.

கமிட்டியின் அன்றாட வேலையைப் பார்க்கும் உறுப்பினர் செயலர், ஆய்வை வழிநடத்தும் கைடு, பிஜி மாணவர் யாராக இருந்தாலும் உங்களிடம் தெரியும் அறிகுறியைத் தேடி அதை மட்டும் படித்தால் போதும்.

அறிகுறி: கேட்டது 200 பேர், சம்மதித்ததும் 200 பேர்

வகுப்பில் எல்லாருமே நூற்றுக்கு நூறு வாங்கினால் ஆசிரியருக்கு முதலில் வருவது சந்தோஷம் இல்லை, சந்தேகம். இதுவும் அப்படித்தான்.

முதலில், ஒப்புதல் வாங்குவது யார் என்று பாருங்கள். ஒரு நாள் காலை ஏழே முக்காலுக்கு ஒரு மருத்துவமனை ஓ.பி.யில் போய் நின்றேன். மருந்துச் சீட்டு எழுதும் அதே ஜூனியர் டாக்டர்தான் ஒப்புதல் படிவத்தையும் நீட்டுகிறார். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பி, “இதுல கைநாட்டு வெச்சாதான் மாத்திரை குடுப்பாங்களாம்மா?” என்று கேட்டார். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், ‘மறுத்தால் சிகிச்சை பாதிக்கப்படாது’ என்று அழகாக அச்சாகியிருந்தது. அந்த வரியை அங்கீகரித்த கூட்டத்தில் நானும் இருந்தேன்.

நாங்கள் செய்த மாற்றம் மூன்று. வைத்தியம் பார்ப்பவர் ஆய்வைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லலாம், கையெழுத்து வாங்கக் கூடாது. அதற்கு வேறு ஆள் வேண்டும். நோயாளி மாத்திரை வாங்கிக்கொண்டு கவுன்ட்டரை விட்டு வந்த பிறகுதான் பேச்சே தொடங்க வேண்டும். அவசரமில்லாத ஆய்வென்றால் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அடுத்த விசிட்டில் கேட்க வேண்டும்.

இதோடு ஒரு நோட்டும் வைக்கச் சொன்னோம். எத்தனை பேரிடம் கேட்டோம், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதும், பெயர் வேண்டாம். ஆண்டறிக்கையோடு அது வந்தாக வேண்டும். மறுத்தவர் பூஜ்யம் என்று வந்தால் போய்ப் பார்க்கிறோம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சாட்சியையும் சோதியுங்கள். ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் விளக்கம் சொல்வது தொடங்கி முடியும் வரை கூட இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறை. நடைமுறையில் எல்லாம் முடிந்த பிறகு வார்டு ஊழியரைக் கூப்பிட்டு, “இங்க ஒரு கையெழுத்து போடுங்க” என்கிறார்கள். ஆய்வில் என்னென்ன செய்வார்கள் என்று அந்தச் சாட்சியிடம் கேட்டுப் பாருங்கள். பத்து விநாடியில் உண்மை தெரிந்துவிடும்.

அறிகுறி: தமிழ்ப் படிவம் இருக்கிறது, ஆனால் தமிழருக்குப் புரியவில்லை

‘தற்போக்கு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்’ என்று ஒரு படிவத்தில் படித்தேன். எங்கள் தெருவில் வீட்டு ஒதுக்கீடு என்றால்தான் தெரியும். அதே படிவத்தில், ‘சிரை வழியாக 5 மி.லி. குருதி பெறப்படும்’ என்றும் இருந்தது. மொழிபெயர்ப்புச் சான்றிதழ் இணைத்திருந்தார்கள். தமிழை மறுபடி ஆங்கிலத்தில் பெயர்த்து ஒப்பிட்ட சான்றிதழும் கூடவே இருந்தது. எனக்கு இந்தத் திருப்பிப் பெயர்க்கும் சடங்கில் பெரிய நம்பிக்கை இல்லை. புரியாத ஆங்கிலம், புரியாத தமிழாகி, மறுபடி அதே புரியாத ஆங்கிலமாகத் திரும்பினால் சான்றிதழில் ‘சரி’ என்று வந்துவிடும்.

எளிய சோதனை ஒன்று உண்டு: கூட்டத்தில் படிவத்தை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் வாக்கியத்தை உடைக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் நான்தான் படிப்பேன். முதல் தடவை ஒரு பேராசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருடைய படிவமேதான் அது.

அப்புறம் சொற்கள். ‘சீட்டு குலுக்கிப் போட்டு எடுப்பது போல, உங்களுக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்வோம்; டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது’ என்று எழுதலாம். ‘கையிலிருந்து ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம்’ எனலாம். பிளாசிபோ என்பதை, ‘பார்க்க மாத்திரை போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது’ என்றே எழுதிவிடுங்கள். நீளம் கூடினால் கூடட்டும்.

படிவத்தின் தலையிலேயே முக்கியமான ஐந்தாறு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். இது ஆராய்ச்சி, எதற்காக, எவ்வளவு நாள், என்ன கஷ்டம் வரலாம், சேராவிட்டால் வேறு என்ன வழி. அமெரிக்காவில் திருத்திய விதி 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது இதைக் கட்டாயமாக்கினார்கள். நாம் யாரும் சொல்லாமலே செய்யலாம்.

கடைசிச் சோதனை களத்தில்: “நான் சொன்னதை உங்க வீட்டுல போய் எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்கச் சொல்லுங்கள். ‘புரிஞ்சுதா’ என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார்கள், நானே அப்படித் தலையாட்டியிருக்கிறேன்.

வடசென்னை என்றால் தமிழ் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன, உருது பேசுபவர்கள் இருக்கிறார்கள். எண்ணூர், மணலி பக்கம் வேலைக்கு வந்த இந்தி, ஒடியா, வங்காளித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ‘தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள்’ என்று ஒரு வரி போட்டு ஆய்வாளர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆலையில் அதிகம் தூசி குடிப்பவர் யாரோ, அவரையே விட்டுவிட்டு என்ன நுரையீரல் ஆய்வு?

அறிகுறி: பெயரை நீக்கிவிட்டோம், இருந்தும் தெருவுக்கே தெரிந்துவிட்டது

இது எங்கள் பக்கத்துக்கென்றே பிறந்த கோளாறு. ‘எண்ணூர் அருகே ஒரு மீனவக் குப்பம், 34 வயதுப் பெண், கணவர் கடலில் இறந்தவர், மூன்று பிள்ளைகள், காசநோய்’ என்று ஆய்வறிக்கையில் எழுதியிருக்கிறது. பெயர் இல்லைதான். தாழங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ யாரிடம் காட்டினாலும் பெயர் சொல்லிவிடுவார்கள். வயதை ‘முப்பதுகளில்’ என்று மாற்றுங்கள், பிள்ளைகள் எண்ணிக்கையை எடுங்கள், ஊரை ‘வடசென்னைக் கடலோரம்’ ஆக்குங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் படித்தால் கண்டுபிடிப்பாரா என்று கேட்டுக்கொண்டே திருத்த வேண்டும்.

பேட்டி எடுக்கும் இடத்தை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். ‘பேட்டி தனிமையான இடத்தில் நடைபெறும்’ என்று எல்லாப் புரோட்டோக்காலிலும், அதாவது ஆய்வுத் திட்டத்திலும், இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை ஒண்டிக்குடித்தனத்தில் தனிமையான இடம் எங்கே இருக்கிறது? ஒரே ரூம், நடுவில் புடவைத் திரை, வாசலில் மாமியார். குடும்ப வன்முறை பற்றி 42 கேள்வி. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் ஆய்வுதான் கெட்டது. ஒன்றிரண்டுக்கு ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால், டேப்லட்டை மூடிக்கொண்டு மாணவி கிளம்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்?

ஆகவே ‘தனிமையான இடம்’ என்று எழுதினால் ஏற்காதீர்கள், எந்த இடம் என்று கேளுங்கள். அங்கன்வாடி மையமா, மதியம் ஆளில்லாத நூலகமா, பஸ் சார்ஜ் கொடுத்துக் கல்லூரிக்கே வரவழைப்பதா? நடுவில் யாராவது வந்து உட்கார்ந்தால் பேச்சை மாற்ற, சமையல் பற்றியோ ரேஷன் பற்றியோ பத்துக் கேள்வி கொண்ட பொய்த்தாள் ஒன்றும் கையில் இருக்கட்டும். கழுத்தில் தொங்கும் அட்டையையும் கவனியுங்கள். காசநோய்த் திட்டம் என்று பெரிதாக எழுதிய அட்டையோடு ஒருவர் சந்துக்குள் நுழைந்தால் அப்புறம் ரகசியம் காப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நிரப்பிய படிவத்தை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து கைடுக்கு அனுப்பும் பழக்கத்தையும் எழுத்திலேயே தடுத்துவிடுங்கள்.

அறிகுறி: “தலைவர் சம்மதம் கொடுத்துட்டார்”

ஊர் நிர்வாகிகள், கான்ட்ராக்டர், விடுதி வார்டன், தலைமை ஆசிரியர் என்று இவர்கள் யாராக இருந்தாலும் தருவது உள்ளே வரும் அனுமதிதான். ஒவ்வொருவரின் சம்மதத்துக்கும் அது ஈடாகாது. யார் மறுத்தார்கள் என்பதை அந்தத் தலைவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லவும் கூடாது.

2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடும் செயல்விளக்க ஆய்வு தொடங்கியது. பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய பல படிவங்களில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தது பின்னால் தெரியவந்தது. 2010 ஏப்ரலில் ஆய்வை நிறுத்தினார்கள். 2013-ல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா என்பது வேறு கேள்வி. ஆள்மாறிப் போட்ட கையெழுத்தால் நல்ல தடுப்பூசிக்கும் கெட்ட பெயர் வந்தது.

பிறரைச் சொல்வானேன். நான் பள்ளியில் இருந்தபோது சர்வே என்று யாராவது வந்தால், வகுப்பையே உட்காரவைத்து, “எல்லாரும் நிரப்பிக் கொடுங்க, பெல் அடிக்கறதுக்குள்ள” என்றிருக்கிறேன். ஒரு பிள்ளையும் மறுத்ததில்லை. எப்படி மறுக்கும்? குழந்தைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். வகுப்பு ஆசிரியர் அந்த நேரத்தில் அறையில் இருக்கக் கூடாது என்று நான் இப்போது சேர்க்கச் சொல்கிறேன்.

அறிகுறி: பணம் கொடுத்தால் ஆசை காட்டியதாகிவிடும் என்று குழு தொகையை வெட்டுகிறது

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் காலை ஒன்பது மணிக்கு ரத்தப் பரிசோதனை. ஆய்வாளர் அரைநாள் வருமானத்தை ஈடுகட்ட ஒரு தொகை போட்டிருந்தார். கமிட்டி அதை வெட்டி பஸ் சார்ஜும் பிஸ்கட் பாக்கெட்டும் என்று ஆக்கியது. விடியற்காலையில் ஏலம் எடுத்த மீன் வெயில் ஏறினால் என்னாகும் என்று அந்த மேஜையில் யாருக்கும் தெரியவில்லை.

பயணச் செலவும் இழந்த கூலியும் கொடுப்பதற்கு ஐசிஎம்ஆர் நெறிமுறையில் இடம் இருக்கிறது. ஆய்வில் ஆபத்து சின்னது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். ஆபத்து பெரிது, பணத்துக்காகத்தான் சம்மதிப்பார்கள் என்று பயந்தால் குறைக்க வேண்டியது ஆபத்தை, பணத்தை அல்ல. கடைசி விசிட் வந்தால்தான் மொத்தப் பணமும் என்று கட்டிவைப்பதுதான் உண்மையான ஆசைகாட்டல். விசிட்டுக்கு விசிட் கொடுக்கச் சொல்லுங்கள். ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் தர வேண்டிய இழப்பீடு தனிக் கணக்கு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

அறிகுறி: ‘பாதிக்கப்படக்கூடியவர்கள்’ என்றாலே நிராகரிப்பு

கர்ப்பிணிகள் வேண்டாம், குடிசைப்பகுதி வேண்டாம், படிக்காதவர்கள் வேண்டாம். கமிட்டிக்குக் கை சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கினார்கள். காசநோய்க்குச் சானடோரியம் என்ற தங்கும் மருத்துவமனையில் படுத்து ஓய்வும் சத்தான உணவும் எடுத்தாக வேண்டும் என்று நம்பிய காலம். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலன் தருகிறது என்று 1959-ல் முடிவுகள் வெளியாயின. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் தேவையற்றுப் போனதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘ஏழைகள், பாவம், விட்டுவிடுவோம்’ என்று யாராவது அன்று தடுத்திருந்தால் நஷ்டம் அந்த ஏழைகளுக்குத்தான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆய்வின் பலன் இவர்களுக்கே போய்ச் சேருமா? சேருமென்றால் கூடுதல் பாதுகாப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். கையருகே கிடைக்கிறார்கள் என்பதற்காக மட்டும் இவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் அப்போது மறுக்கலாம்.

அறிகுறி: கோப்புகள் மாதக்கணக்கில் தேங்குகின்றன

இரண்டு காரணம்தான். ஒன்று, எல்லாமே முழுக் கூட்டத்துக்கு வருகிறது. அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளை எண்ணும் ஆய்வுக்கும் புது மருந்துச் சோதனைக்கும் ஒரே வரிசை. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறையில் விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுப் பரிசீலனை என்று மூன்று வழி இருக்கிறது. உறுப்பினர் செயலர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பிரித்தாலே பாதிக் கோப்பு கரையும்.

இரண்டாவது, நாம் கேட்கும் திருத்தங்கள். நான் சிவப்பு மை பழகியவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: கமாவையும் எழுத்துப் பிழையையும் திருத்துவது கமிட்டியின் வேலை இல்லை. எங்கள் பழைய மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்புகள், ஒரு வருஷத்துக்கானதை எடுத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே ‘இதனால் பங்கேற்பவருக்கு என்ன பயன்?’ என்று பென்சிலால் எழுத முயன்றேன். பல பக்கங்களில் பென்சிலுக்கு வேலையே வரவில்லை. விதிவிலக்கு, ஆய்வில் சேர்க்கும் ஆள் எண்ணிக்கை. கணக்கு தப்பாகி முடிவே கிடைக்காத ஆய்வென்றால் அத்தனை பேருக்கும் வீணாக ஊசி குத்தியதாகிறது. அது நெறிமுறைக் கேள்விதான்.

அறிகுறி: பாமரர் வாயே திறப்பதில்லை

படிக்க வேண்டிய தாள்கட்டு கூட்டத்துக்கு முந்தின இரவுதான் அவருக்கு வருகிறதா என்று பாருங்கள். பத்து நாள் முன்னால் அனுப்புங்கள். ஒப்புதல் படிவத்தை மேலே வையுங்கள். கூட்டத்தில் முதல் பேச்சு அவருடையதாக இருக்கட்டும். பேராசிரியர்கள் பேசி முடித்த பிறகு கேட்டால், “நீங்க சொன்னா சரிதான் சார்” என்பதுதான் பதில்.

குழுவின் அமைப்பையும் சரிபாருங்கள். 7 முதல் 15 பேர், தலைவர் வெளியாள், பாதிப்பேர் நிறுவனத்தைச் சேராதவர்கள், கோரம், அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டியவர்கள், குறைந்தது ஐந்து, அதில் வெளியாள் ஒருவராவது. நிறுவனத் தலைவர் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. கமிட்டியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்வது அவரிடம்தான். ‘டீன் உட்கார்ந்தால் கூட்டம் சீக்கிரம் முடியும்’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். முடியும்தான்.

அறிகுறி: தரவு சேகரித்த பிறகு அனுமதி கேட்கிறார்கள்

கொடுக்காதீர்கள். முன்தேதியும் போடாதீர்கள். மருத்துவப் பரிசோதனை என்றால் 2018 ஏப்ரல் 1 முதல், சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மாணவரைத் திட்டிப் பயனில்லை. கைடைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஆய்வாளர் என்றாலே கதவைச் சாத்துகிறார்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தது. மீனவர் குடும்பங்களுக்கு மூச்சும் போச்சு, பிழைப்பும் போச்சு. அப்புறம் கேள்வித்தாள்களோடு ஆட்கள் வந்தார்கள், ஒரு குழு போனால் இன்னொரு குழு.

ஒரு நுரையீரல் ஆய்வை நேரில் பார்க்கக் காட்டுக்குப்பம் போயிருந்தேன். அனுமதி கொடுத்த ஆய்வை வருஷம் ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். மற்றவர்கள் அறிக்கையைப் படித்துச் செய்கிறார்கள், நான் ஷேர் ஆட்டோ பிடித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மா மாணவியை ஏறெடுத்தும் பார்க்காமல், “போன தடவ வந்தவங்க ரத்தம் எடுத்துட்டுப் போனாங்களே, அதுல என்ன இருந்துச்சாம்?” என்று கேட்டார். மாணவிக்குத் தெரியாது, அது வேறு ஏதோ குழு. எனக்கும் தெரியாது. “அத மொதல்ல கேட்டுட்டு வா கண்ணு” என்று சொல்லிவிட்டு ஊசியைக் கோர்த்தார்.

அடுத்த கூட்டத்தில் விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தோம். இதே இடத்தில் இதற்கு முன் யார் என்ன ஆய்வு செய்தார்கள், அந்தத் தரவே போதாதா? முடிவை எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் போய் ஊராரிடம் சொல்வீர்கள்? ‘சஞ்சிகையில் வெளியிடப்படும்’ என்று எழுதினால் திருப்பி அனுப்புகிறோம். இதுவரை வந்தவற்றில் முதல் கேள்விக்குப் பதில் ஓரளவு நிரம்பி வருகிறது. இரண்டாவது கேள்விக்குத் தேதி போட்டு வந்தவை மூன்று. அதில் ஒன்று அடுத்த மாதம், மீன் ஏலக் கூடத்தில், மதியம் மூன்று மணிக்கு. நானும் போகிறேன்.